பிழை ரீவியில்தான்

புதிய ரீவி வாங்கியவர்கள் முதலில் படத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். எத்தனை அங்குலம், கடல் எவ்வளவு நீலம், நாடகத்தில் வரும் மாமியாரின் மூக்குத்தி எப்படி மின்னுகிறது என்று கேட்காமலே சொல்வார்கள். அடுத்த கிழமை அதே ஆள் சந்தியில் என்னை மறிப்பார். "அண்ணை, படம் திறம். ஆனால் அவை கதைக்கிறது ஒண்டும் விளங்குதில்லை" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். சுவரில் ஒட்டி வைத்த கலண்டர் போலத் தட்டையாக இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்கினால், சத்தம் எங்கே போய்க் குடியிருக்கும்?

நான் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ரேடியோவும் ரீவியும் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்து ஓய்வெடுத்தவன். அந்தக் கடையில் இப்போது வேலை செய்கிறவர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். வருகிற முறைப்பாடெல்லாம் சத்தம் பற்றித்தானாம். "நீங்கள் செய்யிற முறையை ஒருக்கா எழுதித் தாங்கோவன் அண்ணை" என்று கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் செய்முறையை மட்டும் எழுதிவிட்டுப் பேனையை மூட என்னால் முடியவில்லை. குருநகரில் ஒரு வீட்டில் நடந்ததையும் எழுதினால்தான் என் மனம் ஆறும். ஆறுமோ தெரியாது, எழுதிப் பார்க்கிறேன்.

தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடுப்பிட்டியில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் பஞ்சிப்பட்டு, ஈயம் ஒட்டப் பழகுகிறேன் என்று பட்டணத்துக்கு ஓடிவந்தவன் நான். கை சுட்டது, ஏச்சு வாங்கினேன், பழகினேன். பிறகு யுத்தமும் கரண்ட் இல்லாத வருசங்களும் வந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, ரேடியோவில் செய்தி கேட்ட சனத்துக்கு வேலை செய்தோம். ஒரு சொல் தவறினால் எந்த ஊரில் என்ன விழுந்தது என்று தெரியாமல் போய்விடும். சத்தம் என்றால் என்ன என்பதை நான் அப்போதுதான் படித்தேன்.

மிச்சத்தைப் படிப்பித்தவர் எங்கள் முதலாளி செல்லத்துரை. இப்போது உயிரோடு இல்லை. வெள்ளை வேட்டி, முழங்கைவரை மடித்த சேட், காதில் செருகிய பென்சில். உரக்கக் கதைக்கமாட்டார். கடையில் யாராவது சத்தத்தைக் கூட்டினால், புளியங்காய் கடித்தவர் போல முகத்தைச் சுளிப்பார். "கூட்டினால் பிழையும் சேந்துதான் கூடும்" என்பார்.

வீட்டுக்குத் திருத்தப் போனால் அவருக்கு ஒரு முறை இருந்தது. ரேடியோவோ ரீவியோ, செற்றைத் தொடக்கூடாது. முதலில் வீட்டுக்காரர் வழக்கமாக இருக்கும் கதிரையில் போய் இருக்கவேண்டும். செற்றுக்குப் பக்கத்தில் நின்று கேட்பதை அவர் களவு என்றே சொல்வார். கதிரையில் இருந்து கண்ணை மூடவேண்டும். யாராவது செய்தி வாசிக்கிற இடத்தைப் போடச் சொல்லி, ஒரு செய்தி முழுவதையும் கேட்கவேண்டும். அதன் பிறகுதான் வாய் திறக்கலாம்.

"படம் தெரியேக்கை காது நேர்மையாய் வேலை செய்யாது தம்பி" என்று எனக்கு ஒருமுறை சொன்னார். "ஆளின்ரை வாயைப் பாத்து, தனக்கு வேண்டின சொல்லைத் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். கண்ணை மூடினால்தான் என்ன வருகுது, என்ன வரேல்லை எண்டு தெரியும்."

இதைவிடக் கடுமையான இன்னொரு முறையும் அவரிடம் இருந்தது. பிழை இல்லாத செற்றில் பிழை என்று சொல்லக்கூடாது. ஒருநாள் பருத்தித்துறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு நானும் அவருமாகப் போனோம். செற்றில் சத்தமே இல்லை என்று ஆசிரியர் கடைக்கு ஆள் மேல் ஆள் அனுப்பியிருந்தார். முதலாளி கதிரையில் இருந்து, கண்ணை மூடி, கேட்டார். சத்தம் மணி போல இருந்தது. ஆசிரியரின் காதுதான் போய்விட்டிருந்தது. எங்களுக்கு முன்னமே அது தெரிந்திருந்த அவருடைய மனைவி, எங்களை வாசல் படலைக்குக் கூப்பிட்டு மெல்லக் கெஞ்சினார்.

"காது எண்டு சொன்னால் மனுசன் இடிஞ்சுபோவார் ஐயா. செற்றிலைதான் பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ."

"அம்மா, நான் செற் திருத்திறவன்" என்றார் முதலாளி. "இல்லாத பிழையை இருக்கெண்டு சொன்னால், நாளைக்கு இருக்கிற பிழையைச் சொல்லேக்கை ஆர் என்னை நம்புவினம்?"

உள்ளே போய், குனிந்து, ஆசிரியரின் காதுக்குப் பக்கத்தில், செற்றில் பிழை இல்லை என்று சொன்னார். ஆசிரியர் எழுந்து செற்றை நிறுத்தினார். எங்களைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது முதலாளி, "சொல்லாட்டி அவர் காதைக் கொண்டுபோய்க் காட்டமாட்டார்" என்றார். ஆசிரியர் காதைக் காட்டினதாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் கடைப் பக்கம் பிறகு அவர் வரவுமில்லை. முதலாளி சொன்னது சரி என்றே நான் அன்றைக்கும் நினைத்தேன். அந்த அம்மா படலையில் நின்ற நிலைதான் நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

இனிக் குருநகர். நான் ஓய்வெடுத்துச் சில காலத்துக்குப் பிறகு, யேசுதாசன் என்ற கடற்தொழிலாளி மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். முன்பு ஒருமுறை அவன் வீட்டு ரேடியோவைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். முகம் காய்ந்திருந்தது.

"அண்ணை, எங்கடை திரேசம்மா மாமியின்ரை மகன் அன்ரன் பிரான்ஸிலை மோசம் போயிட்டான். மாரடைப்பு. நாளைக்கு அங்கை அடக்கம். இஞ்சை ரீவியிலை லைவ்வாய்ப் பாக்கப்போறம். ஆனால் உந்த ரீவியிலை ஒரு சொல்லும் விளங்குதில்லை. மாமி அழுறா. நீங்கள் ஒருக்கா வரவேணும்."

இது இப்போது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டில் பிள்ளை செத்தால் இங்கே தாய் வீட்டிலும் செத்தவீடு நடக்கும். வாசலில் வெள்ளைத் துணி, கொட்டில், வாடகைக் கதிரை, தேத்தண்ணி எல்லாம் இருக்கும். சனமும் வரும். சவப்பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் ரீவி இருக்கும்.

திரேசம்மாவின் வீட்டுக்குள் போனதும் எனக்கு விசயம் விளங்கிவிட்டது. திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், கூரைக்குக் கிட்ட ரீவியைப் பூட்டியிருந்தார்கள். கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் நல்ல இடம் திருப்படத்துக்கும் சுரூபத்துக்கும் உரிய இடம். பிள்ளை அனுப்பிய நல்ல பொருளும் அங்கேதான் ஏறும். போதாததற்குச் சுவரில் பள்ளம் எடுத்து, அதற்குள் செற்றை இறக்கி, சுற்றிச் சீமெந்துப் பூவேலையும் செய்திருந்தார்கள்.

பழைய பெட்டி ரீவியில் ஸ்பீக்கர் எங்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். அதன் பெட்டிக்குள் சத்தம் நின்று மூச்சு விட இடம் இருந்தது. இந்தத் தட்டைச் செற்றுகளில் ஸ்பீக்கர் தேக்கரண்டி அளவு. அது கீழே தரையைப் பார்க்கும், அல்லது பின்னால் சுவரைப் பார்க்கும். பள்ளத்துக்குள் இறக்கினால் சுவருக்குப் பிரசங்கம் வைத்த கதைதான். வெளியே வருகிற கொஞ்சமும் மாபிள் தரையிலும் வெறும் சுவரிலும் மோதி, ஒன்றோடு ஒன்று இடிபட்டு வரும். ஆள் கதைக்கிறது என்று தெரியும். என்ன கதைக்கிறது என்று தெரியாது.

திரேசம்மா பிரம்புக் கதிரையில் இருந்தார். எண்பதைத் தாண்டிய, ஒடுங்கிய உடம்பு. கையில் செபமாலை. நான் அவரை எழுப்பி, அந்தக் கதிரையில் இருந்து, கண்ணை மூடினேன்.

"என்ன தம்பி, நித்திரையோ?" என்றார். அந்தத் துயரத்திலும் பகிடி விட்டார்.

"இல்லையம்மா. கண்ணை மூடினால்தான் பிழை தெரியும்."

"எனக்கு அது சரிவராது. வாயைப் பாத்துத்தான் நான் கேக்கிறனான்."

அவருடைய காதையும் சோதிக்கவேண்டியிருந்தது. சோதிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. ஒழுங்கைக்கு அப்பால் பாண் விற்கிறவனின் வண்டி பாட்டோடு போனது. "இண்டைக்கு அவன் வரக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார். எனக்கே மெல்லத்தான் கேட்ட பாட்டு அது. காதில் பிழை இல்லை. பிழை ரீவியில்தான். அன்றைக்கு அது முழு உண்மை.

பிறகு தனக்கு ஏன் சத்தம் வேண்டும் என்று அவர் சொன்னார். மகன் அன்ரன் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோல் எடுப்பானாம். யேசுதாசன் அதைத் தன் போனில் இருந்து ரீவியில் விழுத்திக் கொடுப்பானாம். அயலட்டைப் பெண்களும் வந்து இருந்து பார்ப்பார்களாம். அன்ரனுக்குப் பக்கத்தில் பேரன் கெவின் வந்து நிற்பானாம்.

"பேரன் என்னோடை வடிவாய்க் கதைப்பான் தம்பி. தமிழிலைதான். 'அப்பம்மா' எண்டு கூப்பிட்டு எவ்வளவோ சொல்லுவான். அங்கை பிறந்த பிள்ளையெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். உந்த ரீவிதான் அவன் சொல்லுறதை எல்லாம் விழுங்கிப்போடும்." பக்கத்தில் இருந்த பெண்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள். "நாளைக்குக் கோயிலிலை அவன்தான் தேப்பனைப் பற்றிக் கதைக்கப்போறான். அதிலை ஒரு சொல்லும் விடாமல் எனக்குக் கேக்கவேணும். மகனைத் தொட்டு அழ எனக்குக் குடுத்துவைக்கேல்லை. அதையெண்டாலும் கேப்பம்."

கடைக்காரர் கேட்ட செய்முறை இதுதான். கவனமாக வாசியுங்கள்.

செற்றைக் கீழே இறக்கலாம் என்றேன். திரேசம்மா விடவில்லை. அன்ரன் கடைசியாக வந்தபோது தன் கையால் பூட்டியது. அப்படியென்றால் படம் மேலேயே இருக்கட்டும், சத்தத்தைக் கீழே இறக்குவோம் என்று முடிவு செய்தேன். என் வீட்டில் கரண்டில் வேலை செய்கிற நல்ல ஸ்பீக்கர் சோடி ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்தேன். செற்றில் ஹெட்போன் குத்துகிற ஓட்டையில் இருந்து வயரை இறக்கி, சுவரோரமாக இழுத்து, ஸ்பீக்கர் இரண்டையும் திரேசம்மாவின் கதிரைக்கு முன்னால் இரண்டு பக்கமும் வைத்தேன். மீன் ஏற்றுகிற ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்து அதன் மேல் வைத்ததில், இருக்கிறவரின் காதுக்கு நேரே வந்தன. ஸ்பீக்கருக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டேன், பெட்டி சேர்ந்து அதிராமல் இருக்க.

செற்றுக்குள்ளே படச்சத்தம், விளையாட்டுச் சத்தம் என்று பல வகை வைத்திருப்பார்கள். நாலு பக்கமும் சத்தம் சுற்றுகிற மாதிரி ஒரு வித்தையும் இருக்கும். அந்த வித்தையை நிறுத்தவேண்டும். பேச்சு, செய்தி என்று இருப்பதைத் தெரிவுசெய்யவேண்டும். இடி போல அதிர்கிற அடித்தொனியைக் குறைக்கவேண்டும். சனம் இதற்கு நேர்மாறாக, அடித்தொனியைக் கூட்டிவிட்டுக் கதை விளங்கவில்லை என்று அழும். தரையில் பாய் விரிக்கச் சொன்னேன். எதிர்ச் சுவரில் கொடி கட்டி இரண்டு கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டேன். இவ்வளவும் செய்ய ஏலாதவர்கள் ரீவிக்குக் கீழே வைக்கிற நீட்டு ஸ்பீக்கர் ஒன்றை வாங்கலாம். ஆனை வாங்கினவன் அங்குசம் வாங்கப் பஞ்சிப்படக்கூடாது.

செய்தி போட்டோம். திரேசம்மா கதிரையில் இருந்தார். அவரையும் கண்ணை மூடச் சொன்னேன். செய்தி வாசிக்கிற பெண் நடுவீட்டில் வந்து நின்று வாசிப்பது போல இருந்தது.

"அட, உவள் மூச்சு இழுக்கிறதும் கேக்குது" என்றார். என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினார். வேலை செய்த வருசங்களில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதைவிடப் பெரியது இல்லை. அன்றைக்குச் சந்தோசத்தோடு வீட்டுக்குப் போனேன். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போது நெஞ்சு கசக்கிறது.

அடுத்தநாள் அந்தப் பக்கத்து வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. எங்களுக்கு மத்தியானம் திரும்பியபோது அங்கே காலை. வீடு நிறையச் சனம். ரீவிக்குக் கீழே அன்ரனின் படம், மாலை, மெழுகுதிரி. ஏதாவது பிசகினால் பார்க்க என்று யேசுதாசன் என்னைத் திரேசம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தான்.

பூசை வைத்தவர் தமிழ்க் குருவானவர். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நறுக்கென்று விழுந்தது. அங்கே கோயிலில் செபம் சொன்னார்கள், இங்கே வீட்டில் சனம் மறுமொழி சொன்னது. "அன்ரனுடைய தாயார் குருநகரில் இருந்து எங்களோடு இணைந்திருக்கிறார்" என்று குருவானவர் சொன்னபோது திரேசம்மா நிமிர்ந்து, குருவானவர் தன்னைப் பார்க்கிறார் என்பது போலத் தலையைத் தாழ்த்தினார். பெண்கள் அழுதார்கள். கடைசிக் கதிரையில் இருந்தவர்களுக்கும் எல்லாம் கேட்டது.

பிறகு கெவின் வந்தான். நல்ல வளர்த்தி. கறுப்புக் கோட்டு. மேடையில் கடதாசியை விரித்தான். அது சரசரத்ததும் எங்களுக்குக் கேட்டது.

"அப்பா" என்றான்.

திரேசம்மா என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பது போலச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவன் சொன்னது எல்லாம் பிரெஞ்சு. தெளிவான பிரெஞ்சு. மூச்சு இழுத்தது கேட்டது, தொண்டை அடைத்தது கேட்டது, விம்மலை விழுங்கியது கேட்டது. பிள்ளை தகப்பனை நினைத்து உருகிக் கதைக்கிறான் என்பது கல்லுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. நடுவில் ஒருமுறை "அப்பம்மா" என்று வந்தது. திரேசம்மா கதிரையின் நுனிக்கு வந்தார். பிறகு திரும்பவும் பிரெஞ்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இருந்து தலையாட்டிய பெண்கள் இப்போது நிலத்தைப் பார்த்தார்கள். யேசுதாசன் கதவடியில் நின்று வெளியே பார்த்தான். எனக்கு எழுந்து போய் வயரைப் பிடுங்கவேண்டும் போல இருந்தது. பிடுங்கவில்லை. அவ்வளவு துணிவு எனக்கு இல்லை.

அவன் கடதாசியை மடித்துக்கொண்டு இறங்கினான்.

திரேசம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். கண்ணில் கண்ணீர் இல்லை. எல்லோருக்கும் கேட்கக்கூடியதாகக் கேட்டார்.

"ரீவி திரும்பப் பிழைச்சுப்போச்சு, என்ன தம்பி?"

முதலாளி நினைவுக்கு வந்தார். வேட்டி, பென்சில், பருத்தித்துறைப் படலை எல்லாம் வந்தன. அந்த மனிதருக்கு நான் வேலை செய்த காலம் முழுவதும் அவர் சொல்லை மீறியதில்லை.

"ஓம் அம்மா" என்றேன். "செற்றிலைதான் பிழை. கடைசியிலை சரியாய் இழுக்கேல்லை."

"நானும் பாத்தனான்" என்றாள் பின்னால் ஒருத்தி. "எனக்கும் ஒண்டும் கேக்கேல்லை மாமி."

"இரைச்சல்தான் வந்தது" என்றார் இன்னொருவர்.

"நல்லாய்க் கதைச்சிருப்பான்" என்றார் திரேசம்மா.

"நல்லாய்த்தான் கதைச்சிருப்பான்" என்றோம் எல்லோரும்.

அப்போதுதான் அவர் அழத் தொடங்கினார். பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கும் கனடாவில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். என் ஸ்பீக்கர் சோடியை நான் ஏன் அவர்களோடு கதைப்பதற்குப் பூட்டாமல் மூலையில் போட்டுவைத்திருந்தேன் என்று அந்தக் கதிரையில் இருந்து யோசித்தேன். விடை எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எழுத விருப்பமில்லை.

அடுத்துவந்த ஒரு ஞாயிறு அந்த வீட்டுக்குப் போனேன். ஸ்பீக்கர் இரண்டையும் துடைத்து, சீலைத்துண்டில் சுற்றி, வயரையும் வளைத்துக் கட்டி, வாசலுக்குக் கிட்ட வைத்திருந்தார்கள்.

"நல்ல சாமான் தம்பி. பிழை சொல்லேல்லை" என்றார் திரேசம்மா. "எனக்குப் பழைய சத்தமே போதும்."

நான் அவற்றைத் தூக்கும்போது யேசுதாசனின் போன் அடித்தது. கெவின்தான். தகப்பன் எடுக்கிற நேரத்துக்கு இப்போது அவன் எடுக்கிறானாம். யேசுதாசன் அதை ரீவியில் விழுத்தினான். திரு இருதயத்துக்குப் பக்கத்தில் பெரிதாக அந்த முகம் வந்தது. வாய் அசைந்தது. சுவரின் பள்ளத்துக்குள் இருந்து சத்தம் முணுமுணுவென்று வந்தது.

"ஓம் ராசா, சாப்பிட்டனான்" என்றார் திரேசம்மா. "நீ சாப்பிட்டனியோ? அம்மாவைப் பாத்துக்கொள். குளிருக்கை திரியாதை."

அவன் ஏதோ சொன்னான். அவர் சிரித்தார். "அது சரி ராசா, அது சரி" என்றார்.

நான் ஸ்பீக்கர்களைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றேன். முதலாளி சொல்லித்தந்தது போலக் கண்ணை மூடவில்லை. அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டேன். தமிழ் மாதிரித்தான் இருந்தது.